ஒட்டு தெரியட்டும்: மனிதரும் இயந்திரமும் சந்திக்கும் கலப்பு ஊடகப் புகைப்படக் கலை, அடியிலிருந்து

யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நாங்கள் சிலர் எங்கள் படங்களைத் தொங்கவிட்டிருந்தோம். அதில் ஒன்று என்னுடையது. வெள்ளைப் பருத்தித் துணியில் நீல நிறத்தில் அச்சான ஒரு கை. அந்தக் கையின் மேலாகச் சிவப்பு நூலில் ஓடும் தையல் கோடுகள். பார்க்க வந்த இருவர் அதன் முன்னே கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"உது போட்டோஷொப்பிலை செய்ததுதானே?" என்றார் ஒருவர்.

"இல்லையடாப்பா, இப்ப உதெல்லாம் ஏஐ போட்டுத் தருது" என்றார் மற்றவர்.

நூலின் நுனி துணிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடவும் செய்தது. இருந்தும் அது அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களில் பிழை இல்லை. இந்த வகைக் கலையைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு அப்படி. படத்தில் ஏதாவது வழமைக்கு மாறாக இருந்தால் 'எடிட் பண்ணினது' என்கிறோம். மனிதனும் இயந்திரமும் என்றால் ரோபோ படம் என்று நினைக்கிறோம். பெயர் நீளமாக இருப்பதால் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கியும் விடுகிறோம். உண்மையில் இதன் பாதியை நாம் ஏற்கெனவே வீட்டில் வைத்திருக்கிறோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

வீட்டுச் சுவரில் இருக்கும் ஒட்டுப்படம்

நம் வீடுகளில் இப்படி ஒரு படம் இருக்கும்: கலியாணக் கோலத்தில் மகள், பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். அவருடைய அடையாள அட்டைப் படத்தை எடுத்து, வேறு யாருடையதோ கோட்டும் ரையும் போட்டு, ஸ்ரூடியோக்காரர் அவரை மகளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டியிருப்பார். கனடாவிலிருந்து வர முடியாத அண்ணனையும் இப்படித்தான் குடும்பப் படத்துக்குள் கொண்டு வருவோம். இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தில் இருக்கும் முகத்தைப் பாருங்கள். கழுத்து ஓர் இடத்தில், தோள் இன்னோர் இடத்தில் எடுத்ததாக இருக்கும்.

வேறு வேறு புகைப்படத் துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்கும் இந்த வேலைக்குப் பெயர் ஒட்டுப்படம். உலகம் முழுக்க இதை 'போட்டோமொன்டாஜ்' என்கிறார்கள்.

ஸ்ரூடியோக்காரரின் திறமை எங்கே இருக்கிறது? ஒட்டு தெரியாமல் செய்வதில். அப்பாவின் கழுத்துக்கும் கோட்டுக்கும் இடையில் கோடு தெரிந்தால் காசு தரமாட்டோம். நான் சொல்ல வந்த கலை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே ஒட்டு தெரிய வேண்டும். இரண்டு பொருட்கள் எங்கே சந்திக்கின்றன, எப்படிச் சந்திக்கின்றன, பொருந்துகின்றனவா, உரசுகின்றனவா என்பதுதான் அங்கே விஷயமே. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

புகைப்படம் ஒரு தடம்

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஈரமணலில் நடந்தால் காலடி பதியும். அந்தத் தடத்தை யாரும் வரையவில்லை. கால் அங்கே இருந்தது, மணல் அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். புகைப்படமும் இப்படிப்பட்ட தடம். மணலுக்குப் பதில் வெளிச்சம் படும்போது மாறும் ஒரு பரப்பு. பழைய பிலிமில் அது வெள்ளி உப்பின் நுண்துணிக்கைகள். இன்றைய போனில் அது உணரி, அதாவது விழும் வெளிச்சத்தை மின்சைகையாக மாற்றும் சின்னஞ்சிறு கட்டங்கள் நிறைந்த சில்லு.

ஓவியர் உங்களை நேரில் பார்க்காமலே உங்கள் முகத்தை வரைந்துவிடலாம். கமராவால் அது முடியாது. உங்கள் முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அதற்குள் போயே ஆக வேண்டும். அதனால்தான் இறந்தவருடைய படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் அங்கே ஒருமுறை இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, மனிதக் கை வரையாமலே ஒரு பெட்டி படம் தருகிறது என்பதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. 1878இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் பிடித்தார். ஓட்டத்தின் ஒரு கணத்தில் நான்கு குளம்பும் நிலத்தை விட்டு எழும்புகின்றன என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. மனிதக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாததை ஓர் இயந்திரம் பார்த்துச் சொன்னது.

அதனால், மனிதன்–இயந்திரம் உறவைப் பற்றிப் பேச ஒரு புகைப்படத்துக்குள் ரோபோவைக் கொண்டுவந்து வைக்கத் தேவையே இல்லை. புகைப்படமே அந்த உறவின் பிள்ளை. எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்று மனிதர் முடிவு செய்கிறார். என்ன பதிய வேண்டும் என்பதை இயந்திரமும் வெளிச்சமும் தீர்க்கின்றன.

கலப்பு ஊடகம்: கூழ்ச்சட்டி

ஓர் ஓவியத்துக்குச் சாயம் ஊடகம். சிலைக்குக் கல் ஊடகம். ஒரே படைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களும் முறைகளும் சேர்ந்தால் அது கலப்பு ஊடகம். அந்தச் சேர்க்கையின் அடித்தளம் புகைப்படமாக இருந்தால் கலப்பு ஊடகப் புகைப்படக் கலை. வரைவிலக்கணம் இவ்வளவுதான்.

ஆனால் எதையும் எதனோடும் சேர்த்தால் போதுமா? ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே சட்டிக்குள். குடிக்கும்போது நண்டு நண்டாகவே வாயில் படும், பலாக்கொட்டை பலாக்கொட்டையாகவே கடிபடும். ஒன்றும் அரைபட்டு அடையாளம் தெரியாமல் போவதில்லை. ஆனாலும் குடிப்பது ஒரே கூழ்தான். அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது ஒடியல் மா. இந்தக் கலையில் புகைப்படம்தான் அந்த மா. நூலோ, கம்பியோ, துருவோ, பழைய இயந்திரத் துண்டோ அதற்குள் வரும்போது தன் சுவையோடு வர வேண்டும். அழகுக்காக ஒரு பல்சக்கரத்தைக் கொண்டுவந்து படத்தின் மூலையில் ஒட்டினால் அது கூழின் மேல் வைத்த பிளாஸ்டிக் பூ. இப்படிப்பட்ட படைப்புகளும் நிறைய வருகின்றன. பல்சக்கரத்தைக் கண்டவுடன் ஆழமான விஷயம் என்று நாம் நினைத்துவிடுவதும் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: புகைப்படம் வெளிச்சம் விட்ட தடம், அதை எடுப்பதே மனிதரும் இயந்திரமும் கூடிச் செய்யும் வேலை. அந்தத் தடத்தோடு வேறு பொருட்கள், தங்கள் இயல்பு கெடாமல், ஒட்டு தெரியச் சேர்வது கலப்பு ஊடகப் புகைப்படக் கலை.

எந்த இயந்திரம், எந்த உறவு?

'மனிதனும் இயந்திரமும்' என்றால் ஒரே உறவு என்று நினைத்துவிடுகிறோம்: ஒன்றில் இயந்திரம் நம்மை விழுங்கப் போகிறது, அல்லது காப்பாற்றப் போகிறது. இந்த இரண்டோடும் நின்றுவிட்டால் கலை செய்வதற்கு அதிகம் மிஞ்சாது. யாழ்ப்பாணத்தில் கண் திறந்து பார்த்தாலே அதைவிட நுணுக்கமான உறவுகள் பல இருக்கின்றன.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவை எடுங்கள். இரண்டு ஆடுகாலுக்கு நடுவே அச்சில் ஆடும் நீண்ட மரம். கிணற்றுப் பக்க நுனியில் துலாக்கொடி, அதில் பனையோலைப் பட்டை. துலா மிதிப்பவர் அந்த மரத்தின் மேலேயே நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும். திரும்பி அடிப்பக்கம் நடந்தால் நிறைந்த பட்டை எழும்பும். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். தோட்டத்துக்குள் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவார். இதில் மனிதர் இயந்திரத்தை இயக்குகிறார் என்று சொல்வது சரியாக வராது. அவருடைய உடற்பாரமே அந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு. அவர் இறங்கிவிட்டால் அது வெறும் மரம். பிறகு இறைக்கிற மெஷின் வந்தது. இப்போது கயிற்றை ஓர் இழு இழுத்துவிட்டு வரம்பில் குந்தியிருக்கலாம். உடல் இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. இது லாபமா நட்டமா என்று என்னைக் கேட்டால், துலா மிதித்தவரின் முழங்காலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பேன்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற, வீடு முழுக்கச் செய்தி கேட்கும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மெலிந்துகொண்டே போகும். உலகச் செய்தி ஒரு பொடியனின் தோள்மூட்டில் தொங்கிய காலம் அது. இப்போது யாராவது டைனமோவையும் ஒரு கையின் படத்தையும் சேர்த்து ஒரு படைப்புச் செய்து, பார்வையாளர் சுற்றினால்தான் படத்தில் வெளிச்சம் வரும் என்று வைத்தால், அங்கே டைனமோ அலங்காரமாக இருக்காது. அது இல்லாமல் அந்தப் படைப்பே இல்லை.

வேறு உறவுகளும் இருக்கின்றன. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது சிரிக்காமல், கழுத்தை நேராக வைத்து இருக்கிறோமே, அது இயந்திரம் நம்மைப் படிப்பதற்காக நாம் நம் முகத்தை ஒழுங்குபடுத்துவது. செயற்கைக் கால் இன்னொன்று. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான ஜெய்ப்பூர்க் கால், போரில் கால் இழந்த எத்தனையோ பேரை இங்கே மீண்டும் நடக்கவைத்தது. அங்கே உடலுக்கும் கருவிக்கும் இடையிலான ஒட்டு, தோலில் நாள் முழுக்க உணரப்படும் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றது. அங்கே மனிதர் போய், இயந்திரம் தனியே கிடந்து துருப்பிடித்தது. அதே 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்று 2014இல்தான் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) போயின. ரயிலைத் தாங்கிய மரம் தலைக்கு மேலே கூரையானது.

வாணி விழாவில் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கருவிக்கு நன்றி சொல்லும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கலை அந்நியமாக இருக்க நியாயமில்லை.

வெட்டியவர்கள், ஒட்டியவர்கள்

வரலாற்றைக் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு சொல் இருக்கிறது.

முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்தபோது ஜேர்மனி உடைந்து கிடந்தது. இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் பெருமளவில் மனிதரைக் கொன்ற போர் அது. கை கால் இழந்து, செயற்கை உறுப்புகளோடு போர்வீரர்கள் தெருவில் நடந்தார்கள். அந்த பெர்லின் நகரில் 'டாடா' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கலைஞர் கூட்டம் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் கத்தரிக்கத் தொடங்கியது. ஹன்னா ஹோஹ், ராவுல் ஹவுஸ்மன், ஜோன் ஹார்ட்ஃபீல்ட் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 'மொன்டாஜ்' என்ற சொல்லை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜேர்மன் மொழியில் 'மொன்டேர்' என்றால் இயந்திரத்தின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. நாங்கள் படம் வரைபவர்கள் இல்லை, பாகம் பொருத்துபவர்கள் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னார்கள்.

ஹன்னா ஹோஹ் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர். 1916 முதல் பத்து வருடம் அவர் ஒரு பெரிய பதிப்பகத்தில், பெண்களுக்கான சஞ்சிகைகளுக்கு எம்பிராய்டரி, லேஸ் மாதிரிகள் வரைந்து சம்பாதித்தார். பகலில் தையல் மாதிரி. அதே கத்தரிக்கோலால் ஒட்டுப்படம். 1920இல் அவர் செய்த 'அழகிய பெண்' என்ற படைப்பில் நீச்சலுடையில் ஒரு பெண் இருக்கிறாள்; அவள் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்குமிழ். சுற்றிலும் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் வட்டச் சின்னங்கள், ஒரு டயர், இயந்திரத்தைச் சுற்றும் ஒரு கைப்பிடி. விளம்பரங்கள் பெண்ணையும் காரையும் ஒரே மாதிரிப் பளபளப்பாக்கி விற்கின்றன என்பதை ஒரு வரி எழுதாமல் அவர் காட்டிவிட்டார். வெட்டிய ஓரங்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன.

ரஷ்யாவின் எல் லிசிட்ஸ்கி 1924இல் தன்னையே படமாக்கினார். அவருடைய முகத்தின் மேல் கவராயம் பிடித்த கை படிந்திருக்கும். உள்ளங்கைக்கு நடுவே கண் தெரியும். பார்ப்பதும் அளப்பதும் செய்வதும் ஒரே இடத்தில். நம் நாட்டிலும் கொழும்பில் லயனல் வென்ட், 1944இல் இறக்கும் வரை, இருட்டறையில் ஒட்டுப்படங்களையும் வேறு பல பரிசோதனைகளையும் செய்தார். ஆகவே இது நேற்று இணையத்தில் இறங்கிய மோஸ்தர் இல்லை. நூறு வருடம் தாண்டிய வேலை.

நீல அச்சை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம்

முறைகள் பல உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் குழம்பும். நான் கையால் செய்து பழகிய ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நீல அச்சு என்பது கமரா பிலிமோ அச்சு இயந்திரமோ இல்லாமல், வெயிலால் படம் அச்சிடும் முறை. 1842இல் இங்கிலாந்தின் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளை இப்படிப் பதிவு செய்யத் தொடங்கினார்.

நடப்பது இதுதான். பெரிக் அமோனியம் சிற்றேற்று, பொட்டாசியம் பெரிசயனைட்டு என்ற இரண்டு இரும்பு உப்புகளைத் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பிறகு சம அளவில் கலக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் அதைத் துணியிலோ கடதாசியிலோ தூரிகையால் பூசி, இருட்டில் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன் மேல் படத்தின் நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருளும் இடம் மாறிய பிரதி. அதன் மேல் ஒரு கண்ணாடி. அப்படியே முற்றத்து வெயிலில் வைத்துவிடலாம். சூரியனின் கழியூதாக் கதிர் (புற ஊதா) நெகட்டிவின் தெளிந்த இடங்களால் நுழைந்து இரும்பு உப்பை மாற்றுகிறது. மாறிய உப்பு மற்ற உப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கடும் நீலமாகிறது. கதிர் படாத இடம் கழுவும்போது கரைந்து போய்விடும். நம் மத்தியான வெயிலுக்கு 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் போதும்.

என் முதல் துணி பாழாய்ப் போனது. வெயிலில் அழகாக வந்த படம், கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் போட்டதும் கண் முன்னே வெளிறியது. காரணம் பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லுக்குள் தோண்டியது. கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் காரத்தன்மை உடையது. இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. இப்போது முதல் வாளித் தண்ணீருக்குள் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுகிறேன். நீலம் நிற்கிறது. (பூசுவதற்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பக் குசினிக்குள் கொண்டு போகாதீர்கள். இரசாயனம் இரசாயனம்தான்.)

சரி, இதற்கும் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள், இயந்திரங்களின் வரைபடங்களும் கட்டடங்களின் வரைபடங்களும் இந்த முறையில்தான் பிரதி எடுக்கப்பட்டன. நீலத் தாளில் வெள்ளைக் கோடு. எத்தனையோ ரயில் எஞ்சின்களும் பாலங்களும் முதலில் இந்த நீலத்தில்தான் இருந்தன. ஆகவே ஒரு மனிதக் கையை நீல அச்சில் இடும்போது, பார்ப்பவர் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கை ஓர் இயந்திர வரைபடத்தின் இடத்தில் போய் நிற்கிறது. நிறம் அழகுக்காக வந்ததில்லை. அந்த நிறத்துக்கே ஒரு வேலை வரலாறு உண்டு.

இதை இப்படி நினைவில் வைக்கலாம்: படத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு பாதி. அந்தப் படம் எதனால், எப்படிச் செய்யப்பட்டது என்பது மறுபாதி. கலப்பு ஊடகத்தில் இரண்டாம் பாதியும் வாய் திறந்து பேசும்.

ஊசி

புகைப்படத்தின் மேல் தைப்பது இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் முறை. ஐவரி கோஸ்ட் நாட்டின் ஜோனா சுமாலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016இல் கிராண்ட் பஸாம் என்ற கடற்கரை நகரில் துப்பாக்கிதாரிகள் சுட்டுப் பலரைக் கொன்றார்கள். சில வாரங்கள் கழித்து அங்கே போன சுமாலி, தெருவில் தனியே நடப்பவர்களையும் வெறுமனே இருப்பவர்களையும் தன் போனில் படம் பிடித்தார். அந்தப் படங்களைத் துணியில் அச்சிட்டு, நிற நூலால் கையால் தைத்தார். 2019இல் அதற்குப் பிரீ பிக்டே என்ற சர்வதேசப் புகைப்படப் பரிசு கிடைத்தது. போன் ஒரு கணத்துக்குள் எடுத்ததை ஊசி நாள்கணக்கில் திரும்பவும் தொடுகிறது. துக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்த ஊர் நம்முடையது. இந்தப் படைப்புகளுக்கு இங்கே பொழிப்புரை வேண்டியதில்லை.

நான் கையால் தைக்கவில்லை. அம்மாவின் மெஷினால் தைத்தேன். கால் மிதிக்கும் பழைய சிங்கர் மெஷின். அதன் தையல் எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு நூல், கீழே பொபினில் ஒரு நூல். ஊசி துணியைத் துளைத்து மேல் நூலைக் கீழே கொண்டுபோகும். கீழே ஒரு கொக்கி அந்த நூலைப் பிடித்துப் பொபினைச் சுற்றி வளைத்துவிடும். ஊசி மேலே போகும்போது இரண்டு நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கொழுவிக்கொள்ளும். இது பூட்டுத் தையல். ஒரு நூல் மட்டும் இருந்தால் தையலே விழாது.

முதலில் கடதாசியில் அச்சிட்ட படத்தில்தான் முயன்றேன். ஊசி நெருக்கமாகத் துளைத்துக்கொண்டே போக, தபால் முத்திரையின் ஓரம் மாதிரிக் கிழிந்து கையோடு வந்தது. தையலை நீளமாக்கினால் தப்பலாம். ஆனால் துணிதான் இதற்கு ஏற்றது; ஊசி போன வழியைத் துணி மூடிக்கொள்ளும்.

மற்ற முறைகளைப் பெயரளவில் சொல்கிறேன்: படத்தின் மேல் சாயம் தீட்டுவது, படத்தின் மையை மரத்துக்கோ தகரத்துக்கோ மாற்றி ஒட்டுவது, உண்மையான பொருட்களைப் படத்தோடு பொருத்துவது, படத்தைச் சுவரில் ஒளியாக வீழ்த்துவது, மோட்டர் வைத்து அசைய வைப்பது. எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பொருள் ஏன் இங்கே வந்தது?

ஏஐ படம் இதில் எங்கே வருகிறது?

சொல்லிக் கேட்டால் படம் தரும் மென்பொருள்களைத்தான் பொதுவாக ஏஐ படம் என்கிறோம். அது புகைப்படங்களை வெட்டி ஒட்டுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். பழைய டிவியில் அன்ரனா விலகினால் திரை முழுக்கப் புள்ளி பறக்குமே, அப்படியான புள்ளிக் குவியலிலிருந்துதான் அது பெரும்பாலும் தொடங்கும். கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விவரிப்புகளையும் வைத்துப் பழகியதால், 'கை' என்று கேட்டால் கை எப்படி இருக்கும் என்ற பொதுப்போக்கு அதற்குத் தெரியும். படிப்படியாகப் புள்ளிகளைக் குறைத்து, அந்தப் போக்குக்கு ஏற்ற ஓர் உருவத்தைக் கொண்டுவரும்.

அப்படியானால் அது தடம் இல்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. எந்த வெளிச்சமும் எந்தத் தோலிலும் பட்டுத் திரும்பவில்லை. இதனால் அது கலைக்கு உதவாது என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான கையின் படத்துக்குப் பக்கத்தில் ஏஐ தந்த கையை வைத்து, எது யாருடைய கை என்று கேட்கும் படைப்பு, மனிதன்–இயந்திரம் பற்றிய நேர்மையான படைப்பாகவே இருக்கும். ஆனால் தடத்தையும் தடம் போன்ற உருவத்தையும் ஒன்றாகப் பேசுவது, நேரில் வந்தவரையும் வந்ததாகச் சொல்லப்பட்டவரையும் ஒரே வரவுப் பதிவில் எழுதுவது போல.

அந்த நீலத் துணி

இனி விறாந்தையில் தொங்கிய துணிக்குத் திரும்பலாம். எதைப் பார்க்க வேண்டும்?

அந்தக் கை என் அம்மாவின் கை. நாற்பது வருடம் தைத்து எங்களைப் படிப்பித்த கை. வலது ஆள்காட்டி விரலின் நகத்தில் ஒரு வெண்கோடு; மெஷின் ஊசி ஒருமுறை விரலுக்குள்ளால் போன இடம். நெகட்டிவில் அந்தக் கோடு வந்திருக்கிறது, நீலத் துணியிலும் இருக்கிறது. அது தடம். நீலம், இயந்திர வரைபடங்களின் நிறம். சிவப்பு நூல் அதே மெஷினால், அதே பெடலை நான் மிதித்துத் தைத்தது. முன்பு விரலைத் துளைத்த மெஷின் இப்போது விரலின் படத்தைத் துளைக்கிறது. கோடுகள் விரல் நுனியிலிருந்து தொடங்கி மணிக்கட்டைத் தாண்டித் துணியின் ஓரம் வரை ஓடுகின்றன. சட்டை வெட்டும்போது சோக்கால் போடும் கோடுகளின் அளவில். கை எங்கே முடிகிறது, மெஷின் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் அப்படித் தைத்தேன்.

இதில் எந்த ஒன்றையும் மாற்றிப் பாருங்கள். நீலத்துக்குப் பதில் கடையில் அடித்த கலர் பிரிண்ட் என்றால் வரைபடம் போய்விடும். வேறு மெஷினால் தைத்தால் விரலின் காயம் கதையாக மட்டும் மிஞ்சும். போட்டோஷொப்பில் சிவப்புக் கோடு வரைந்தால் துளை இருக்காது. ஒரு படைப்பின் முன்னே நிற்கும்போது நீங்களும் இப்படி ஒவ்வொன்றாக மனதால் கழற்றிப் பார்க்கலாம். கழற்றியதும் படைப்பு நொண்டினால், அந்தப் பொருள் அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அம்மா அந்தத் துணியைப் பார்க்கக் கடைசியாகத்தான் வந்தா. எல்லாரும் நின்ற இடத்தில் நின்று முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே போய்த் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பின்பக்கம் புரட்டினா. தையற்காரர் எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"மேல் நூல் தொய்ஞ்சு கிடக்கு" என்றா. "பின்னுக்கு வளையம் வளையமாத் தெரியுது, பார். இறுக்கிற ஆணியை அரைச் சுற்றுத் திருப்பியிருக்க வேணும்."

துணியைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டா.